மாமா ஐஸ்லாந்தில் இருந்ததற்கு அத்தாட்சி

என் சின்ன மாமா ஒரு புளுகர் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, என்னைத் தவிர.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் தட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான சின்ன மாமா என்று நான்கு பேர் இருந்தோம். அந்தக் கோடையில் மாமா யாழ்ப்பாணம் போய்க் கலியாணம் முடித்து மாமியைக் கூட்டிவந்ததும் ஐந்து பேரானோம். மாமி அதிகம் பேசமாட்டார். குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நின்று கீழே போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமா கனடாவுக்கு வருமுன் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். ஒருமுறை கப்பலில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். கப்பல் அவரை ஐஸ்லாந்தில் ஒரு சிறு துறைமுகத்தில் இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விட்டது. கால் பொருந்தும்வரை அங்கே ஓர் ஆட்டுப்பண்ணையில், பனி கரைந்த நாளிலிருந்து இலையுதிர்காலம் வரை இருந்தாராம். ‘இருந்தாராம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ அப்பா சேர்த்தது.

“உவர் கப்பலிலை வெங்காயம் உரிச்சவர். ஐஸ்லாந்தைப் படத்திலைகூடக் கண்டிருக்கமாட்டார்” என்பார் அப்பா. மாமா சிரித்துக்கொண்டு எனக்குத் தொடர்ந்து சொல்லுவார்.

அங்கே மரமென்று சொல்ல ஒன்றுமில்லை. கடல் நீண்ட நாக்குப்போல மலைகளுக்கு நடுவே புகுந்து கிடக்கும். கரையோரம் ஆலாப் பறவைகள் முட்டையிட வந்துவிட்டால் யாரும் நிம்மதியாக நடக்கமுடியாது. நேரே பாய்ந்து மண்டையில் கொத்தும். எது உயரமோ அதைத்தான் கொத்தும் என்பதால் தலைக்குமேல் தடியொன்றைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். மாமா தன் ஊன்றுகோலையே தூக்கிப் பிடித்தபடி ஒற்றைக்காலில் துள்ளிப் போனார். கடல்வாத்து தன் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கிக் கூட்டுக்கு மெத்தை போடும். பண்ணைக்காரர் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாத்துக்கு விட்டுவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆடுகளின் கதை. கோடை முழுக்கச் செம்மறிகள் காவலில்லாமல் மலையில் மேயும். செப்டம்பரில் ஊரே குதிரையேறிப் போய் அவற்றை இறக்கிவரும். கல்லால் கட்டிய வட்டமான பட்டி. பெரிய வண்டிச் சக்கரத்தைப் படுக்கப் போட்டது போலிருக்கும். ஆரக்கால்களுக்கிடையே ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் அறை. ஆட்டைக் கொம்பில் பிடித்து, காதைப் பார்த்து, உரியவரின் அறைக்குள் இழுத்துப்போக வேண்டும். காதில் வெட்டிய குறிதான் ஆட்டின் விலாசம். தான் இருந்த பண்ணையின் குறியை மாமா எனக்குக் கடதாசியில் கீறிக் காட்டினார். வலக்காதின் நுனி நேராக வெட்டியிருக்கும், இடக்காதின் பின்பக்கம் ஒரு முக்கோணம்.

ஒக்டோபரில் பள்ளியில் ஏதாவதொரு நாட்டைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் இவ்வளவையும் எழுதினேன். ஆசிரியை என்னை எழுப்பி, இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். மாமா சொன்னார் என்றேன். வகுப்பு சிரித்தது. கற்பனை நன்றாக இருக்கிறது, ஆனால் கேட்டது கட்டுரை, கலைக்களஞ்சியத்தைப் பார்த்துத் திருப்பி எழுது என்றார். எழுதமாட்டேன் என்றேன். ஓர் ஆசிரியையிடம் நான் முதன்முதலாக மாட்டேன் என்று சொன்னது அன்றுதான். அப்படியானால் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன்னர் அத்தாட்சி கொண்டு வா, இல்லாவிட்டால் சைபர்தான் என்றார்.

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாமா மட்டும் என்னை அருகே இழுத்து, “நான் சொன்னதிலை ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆர் நம்பாட்டிலும் நீ நம்பு, பிள்ளை” என்றார். அது போதுமாக இருந்தது.

நூலகத்தில் ஆலாவும் வாத்தும் சக்கரப் பட்டியும் உள்ள புத்தகம் கிடைத்தது. ஆனால் அது ஐஸ்லாந்து இருக்கிறது என்பதற்குத்தான் அத்தாட்சி. மாமா அங்கே இருந்ததற்கல்ல. நான் விடவில்லை. நூலகப் பொறுப்பாளர், அந்த நாட்டுப் பெண் ஒருவர் சில சனிக்கிழமைகளில் வருவார், தாதியாக வேலை செய்கிறார் என்றார். இரண்டு சனிக்கிழமைகள் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாவதில் வந்தார்.

மாமாவின் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். தலைக்குமேல் தடி பிடிப்பதைக் கேட்டுச் சிரித்து, தானும் அப்படித்தான் பள்ளிக்கூடம் போனதாகச் சொன்னார். காதுக்குறிப் படத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. யார் கீறினார்கள் என்று கேட்டார். பண்ணைகளின் குறிகளையெல்லாம் சேர்த்துப் புத்தகமாக அச்சிட்டு வைத்திருப்பார்களாம். வடக்கே ஆடு வளர்க்கும் தன் அண்ணனுக்கு அந்தப் படத்தை அனுப்புவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

டிசம்பரில், பள்ளி மூட ஒரு வாரம் இருக்கையில், அவர் ஒரு கடித உறையைத் தந்தார். அண்ணன் அந்தப் பண்ணையைத் தேடிப் பிடித்துவிட்டார். கால் முறிந்து வந்த இலங்கையரை அங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இப்போது நொண்டாமல் நடக்கிறாரா என்று கேட்டிருந்தார்கள். கூடவே ஒரு புகைப்படம்.

நேரே ஆசிரியையிடம் கொண்டு போயிருக்கலாம். அப்பா முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட உட்காரும்வரை பொறுத்திருந்து, புட்டுக்கும் மீன்குழம்புக்கும் நடுவே படத்தை வைத்தேன்.

நனைந்த ஆடுகள் நிறைந்த கற்பட்டி. இரவல் கம்பளிச் சட்டையில் மாமா ஓர் ஆட்டைக் கொம்பில் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கிறார். பக்கத்தில் மஞ்சள் தலைமுடியோடு ஓர் இளம்பெண். மாமாவின் தோளில் கை போட்டிருந்தாள். அவள் கமராவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலெல்லாம் எனக்கு அக்கறை இருக்கவில்லை. “ஆட்டின்ரை காதைப் பாருங்கோ அப்பா” என்று விரல் வைத்துக் காட்டினேன்.

அப்பா பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமியை ஒருதரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மேசையில் சம்பல் இருக்கும்போதே அம்மா சம்பல் எடுக்க எழுந்து போனார்.

“இது நானில்லை” என்றார் மாமா.

நான் திகைத்துப் போனேன். கடிதம் வந்திருக்கிறது, காலைப் பற்றிக்கூடக் கேட்டிருக்கிறார்கள் என்றேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. “கப்பலிலை வேறை ஒராள் சொன்ன கதை, பிள்ளை. நான் என்ரை கதையெண்டு சொல்லிப்போட்டன். முழுக்கப் புளுகு.”

மூன்று மாதம் அவருக்காக நின்றவள் நான். படத்தைத் தூக்கி அவர் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, மூக்கைப் பாருங்கோ, நெத்தியைப் பாருங்கோ என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அழுகை வந்தது, அழாமல் காட்டினேன்.

அப்போது மாமி கையை நீட்டினார். விரலைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி, அவசரமில்லாமல் நெடுநேரம் பார்த்தார்.

“ஓம் பிள்ளை, இது இவரில்லை” என்றார். “இவருக்கு உப்பிடிச் சிரிக்கத் தெரியாது.”

படத்தை என்னிடமே தந்துவிட்டு, மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார்.

திங்கட்கிழமை ஆசிரியை படத்தையும் கடிதத்தையும் வகுப்பின் முன்னால் காட்டி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கட்டுரையைச் சுவரில் ஒட்டினார்கள். நான் வென்றுவிட்டேன். ஆனாலும் மாமியின் மேல் இருந்த கோபம் தீரவில்லை. அவ்வளவு தெளிவான படத்தில், அவ்வளவு கிட்டத்தில், கட்டிய புருஷனையே அடையாளம் தெரியவில்லையென்றால் கண்ணில் பெரிய கோளாறு இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். மாமிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கோ என்று அப்பாவைத் தினமும் நச்சரித்தேன். எதைச் சொன்னாலும் சிரிக்கும் அப்பா, அதற்கு மட்டும் ஒருதரமும் சிரிக்கவில்லை.