ஃப்ளெக்ஸ் கட்டின தொலைநோக்கி

இப்ப நெனச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பல்லடத்துக்கிட்ட எங்க காலேஜுக்குச் சொந்தமான பொட்டல்ல ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கி கட்டினோம். நான் அங்க பிசிக்ஸ் மேடம். வானத்துல இருக்கற ஹைட்ரஜன் வாயு அனுப்பற ரேடியோ அலையைப் பிடிக்கணும், அதான் என் ஆசை. டவுனுக்குள்ள வேலம்பாளையத்துப் பக்கம் வெச்சா பனியன் கம்பெனி மோட்டாருங்க போடற மின்சார இரைச்சல்ல ஒரு மண்ணும் கேக்காது. பொட்டல்ல அந்தத் தொல்லை கம்மி, ஆனா ஆடி மாசக் காத்து ஆளையே தள்ளும்.

அதுக்குத்தான் கிண்ணத்தைத் தகட்டுல பண்ணாம கம்பி வலையில பண்ணினேன். எங்களுக்கு வேணுங்கற அலை ஒரு சாண் நீளம். சுண்டு விரல் நுழையற ஓட்டையில அது போகாது, பட்டுத் திரும்பிரும். காத்து மட்டும் பூந்து போயிரும். முதலிபாளையத்துப் பட்டறையில வளைச்சு வாங்கின குழாய்களை நானும் என் மாணவிகளும் வெயில்ல காஞ்சு கருவாடாகி மாட்டினோம். கல்யாண மேடை அகலம் இருக்கும் அந்தக் கிண்ணம்.

திறப்பு விழா அன்னிக்குக் காலையில போய்ப் பாக்கறேன், கிண்ணத்தையே மூடி ஒரு ஃப்ளெக்ஸ்! அதுல எங்க காலேஜை நடத்தற கரஸ்பாண்டென்ட் கும்பிட்டுச் சிரிக்கறாரு. நாலாபக்கமும் கம்பி போட்டு முறுக்கியிருந்தாங்க. அட கெரகமே!

ஓடிப்போய் அவர்கிட்டச் சொன்னேன். "சார், அதைக் கழட்டச் சொல்லுங்க. காத்து போக வழியில்லாம சாஞ்சிருமுங்க."

"ஏனுங்க மேடம், வெறும் வலையைக் காட்டுனா வர்றவங்க கோழிப் பண்ணையான்னு கேக்க மாட்டாங்களா? விழா முடியட்டுங்க, கழட்டிக்கலாம்."

நானே கம்பி வெட்டற கட்டரை எடுத்துட்டு ஏணிக்குப் போனேன். வாட்ச்மேனை விட்டு ஏணியையே தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாரு. பாவி மனுசன்.

பந்தல்ல குத்துவிளக்கு ஏத்தறதுக்குள்ள காத்து வந்திருச்சு. ஃப்ளெக்ஸ் உப்புச்சு. அடித்தண்டு முறுக்கிட்டு, கிண்ணம் மல்லாக்கச் சாஞ்சு நொறுங்குச்சு. யாருக்கும் அடி படல. என் புள்ளைங்க வாயைப் பொத்திட்டு அழுதாங்க. அன்னிக்கு ராத்திரிதான் மொத சிக்னல் எடுக்கறதா இருந்தோம்.

ஃப்ளெக்ஸ்ல மட்டும் ஒரு கிழிசல் இல்ல. நசுங்கின கம்பி மேல கெடந்து அவரு மூஞ்சி வானத்தைப் பாத்துச் சிரிச்சிட்டே இருந்துச்சு.

வந்தவங்க முன்னாடி அவரு மைக்கைப் பிடிச்சாரு. "டிசைன் சரியில்லீங்க. அடுத்ததை ஓட்டையில்லாம தகரத்துல பண்ணச் சொல்லீரலாம்."

நேரா போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"அது காத்தைத் தாங்கறதுக்குப் போட்ட டிசைனுங்க சார். உங்க மூஞ்சியைத் தாங்கறதுக்குப் போடலீங்க."