கழுவிய தொட்டி

உயிருள்ள எதையும் நான் வீட்டில் வைத்துக் காப்பாற்றியதில்லை. ஒருமுறை மேச்சேரிச் சந்தையில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் வாங்கி வந்து கட்டினேன். ஐந்து மாதம் மேய்த்தேன். ஆறாவது மாதம், போர் போடும் ரிக் வண்டி ஒன்று ராஜஸ்தானுக்குப் போகிறது, ஆள் குறைகிறது என்று தகவல் வந்தது. குட்டிகளை விற்றுப் பயணச் செலவுக்கு வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோழிப்பண்ணை வேலை முடிந்து என் மனைவி வந்தபோது முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்ததாம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக்கில் ஏறியபோது பதினேழு வயது. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வண்டி போன இடமெல்லாம் போனேன். வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துப் படுப்போம். இடது கைச் சுண்டுவிரல் எனக்குப் பாதிதான் இருக்கிறது. மீதி நல்கொண்டா பக்கம் ஒரு காட்டில், துளைபோடும் இரும்பு ராடு மாட்டும்போது போனது. மகளின் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு வந்து சேர்ந்தேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் மறுபடி போய்விட்டேன். போகும்போது சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் எனக்குக் கிடையாது. சொன்னால் பேச்சு வரும். பேச்சு வந்தால் அன்றைக்குப் போக முடியாது. பழுப்பு நிற ரெக்சின் பை ஒன்று, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி. அவ்வளவுதான் என் ஏற்பாடு.

போன வருஷம் திரும்பி வந்து, கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் அந்தப் பையை மாட்டினேன். இனிமேல் எங்கும் போவதில்லை என்று சொன்னேன். இதை முன்பும் சொல்லியிருக்கிறேன். மறுபடி ஆடு வாங்கிக் கட்டட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆடு வேண்டாமுங்க. விக்கவும் முடியாம, தூக்கிட்டுப் போகவும் முடியாம ஏதாச்சும் இருந்தா வாங்குங்க" என்றாள்.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது.

ராஜஸ்தானில் வேலை இல்லாத மதியங்களில் செல்போனில் மீன் தொட்டிப் படங்கள் பார்ப்பேன். மீன்கள்கூட இரண்டாம்பட்சம். தண்ணீருக்குள் செடி வளர்வதுதான் எனக்கு அதிசயம். இத்தனை வருஷமாகத் தண்ணீரைத் தேடிப் பூமியைத் துளைத்திருக்கிறேன். என் கண்ணில் பட்டதெல்லாம் குழாயிலிருந்து பீறிட்டு வரும் சாம்பல் நிறச் சேறுதான். கண்ணாடிக்குள் தெளிவான தண்ணீர் அசையாமல் நிற்க, அதற்குள் ஒரு சின்னக் காடு பச்சையாக இருப்பதைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். மூன்றடி நீளத் தொட்டி செடிகளோடும் மீன்களோடும் பழைய பொருள் விலைக்குக் கிடைக்கும் என்று சேலத்திலிருந்து ஒருவர் செல்போனில் விளம்பரம் போட்டிருந்ததைப் பார்த்ததும், மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணீர் நிரப்பிய தொட்டியை யாரும் பையில் வைத்துக்கொண்டு ராஜஸ்தானுக்குப் போக முடியாது.

அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக்குக் குடிபோகிறார். இவ்வளவு கனத்தை மேலே ஏற்றக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். பட்டறையில் ஒரு சின்னத் தொட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பெரியதைக் கொடுக்கிறார். நேரில் போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு மரவேர், வேரின்மேல் பாசி, பின்னால் நாடா நாடாவாகப் புல், நடுவில் நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட விரல்நுனி அளவு மீன்கள். முப்பதுக்குக் குறையாது. அடியில் மீசை வைத்த குட்டிக் கெளுத்திகள் மணலை மோந்துகொண்டு திரிந்தன. அது நான்கு வருஷத் தொட்டி என்றார்.

எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாது. முதல் நாள் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, கல்லும் மணலும், தண்ணீரை வடிகட்டும் பெட்டி, அதற்குள் இருக்கும் பஞ்சு. மறுநாள் மீனும் செடியும். அதுவரை அவற்றை டிரம்மில் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். பஞ்சைப் பழைய தண்ணீரோடு ஒரு கவரில் கட்டிக் கையில் கொடுத்தார். சாக்கடைக் கசடு போலக் கறுப்பாக இருந்தது.

"இந்தப் பஞ்சையும் கல்லையும் கழுவிடாதீங்கண்ணா. அழுக்கா இருக்கேன்னு பாக்காதீங்க. ஈரத்தோட கொண்டு போயி ஈரத்தோடவே போட்டுருங்க."

நான் தலையாட்டினேன். ரிக்கில் கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகியவன். காதில் விழுந்தது. வேறெங்கும் போய்ச் சேரவில்லை.

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு புதுச்சத்திரம் தாண்டி எங்கள் ஊருக்கு வந்து, எல்லாவற்றையும் வாசலில் இறக்கினேன். மறுநாள் காலை, மூடி போட்ட இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். மனைவிக்கு அன்று வார விடுப்பு. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றுவதில்லை.

அவள் பண்ணையில் வேலை செய்வது பதினான்கு வருஷமாக. முட்டைக் கோழிகள் வயதாகி லாரியில் ஏறிப் போனதும் கொட்டகை காலியாகும். அடுத்த கோழிகள் உள்ளே வருவதற்குமுன் பழையதன் சுவடே இருக்கக்கூடாது. எச்சத்தைச் சுரண்டுவார்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். ஒட்டியிருக்கும் இறகைத் தீ காட்டிப் பொசுக்குவார்கள். மருந்து அடித்து, சுண்ணாம்பு பூசி, காயவிட்டுத்தான் புதுக் கோழியை விடுவார்கள். கொஞ்சம் அழுக்கு மிஞ்சினாலும் நோய் வந்து கொட்டகையே போய்விடும். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பண்ணையில் பேர்.

மதியம் வாளிகளோடு வந்தேன். தொட்டி பளபளவென்று ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கல்லையும் மணலையும் ஊறவைத்து, ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, மொட்டை வெயிலில் காயப்போட்டு எடுத்திருந்தாள். பஞ்சு கொடியில் தொங்கியது. இட்லித் துணியைப் போல வெள்ளையாக இருந்தது. முந்தின நாள் பிடித்து வைத்த காவிரித் தண்ணீரை நிரப்பியும் விட்டாள். அவள் விரல்களின் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"உங்களுக்கு யாரு கொடுத்தாங்களோ, இத்தன அழுக்கையா மீனுக்கு வெப்பாங்க? பாவமுங்க அதுங்க" என்றாள்.

நானும் மெச்சினேன். உண்மையிலேயே மெச்சினேன். கொலுசுப் பட்டறைக்காரர் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவேயில்லை. செடிகளை நட்டோம். மீன்களை விட்டோம். விளக்கைப் போட்டதும் அவள் கீழே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். எங்கள் வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பண்ணையில் சொல்லியிருக்கிறாள். எங்க ஊட்டுக்காரரு மீன் வெச்சிருக்காரு, இனிப் போகமாட்டாரு என்று. உடன் வேலை செய்யும் பெண்கள் விடுவார்களா? "ஏம்புள்ள, மீனையா அவருக்குக் காவலுக்கு வெச்சிருக்க?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டாம் நாள் தண்ணீர் அரிசி களைந்தது போல மங்கியது. மூன்றாம் நாள் காலை, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செடிக்குள் இரண்டு செத்துக் கிடந்தன. மதியத்துக்குள் எட்டு. அவற்றின் நீலக் கோடு செத்த பிறகும் கொஞ்ச நேரம் மின்னியது. பாதித் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, பிடித்து வைத்திருந்த புதுத் தண்ணீரை விட்டேன். சாவது நிற்கவில்லை. நான்காம் நாள் நான் அள்ளிய மீன்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தேநீர் வடிகட்டியால் அள்ளி அள்ளிக் கொல்லைப்புறத்தில் குழி தோண்டிப் போட்டேன்.

கொலுசுப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பஞ்சைக் கழுவிட்டீங்களாண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாக மாறுமாம். அதைத் தின்று முறிக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தக் கறுப்பு அழுக்கில்தான் குடியிருந்தனவாம். நான்கு வருஷமாகச் சேர்ந்தவை. நாங்கள் அவற்றைக் கொன்று வெயிலில் காயப்போட்டு விட்டோம்.

சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. நீ கழுவியதுதான் எல்லாவற்றையும் கொன்றது என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். அவள் தொட்டியைப் பார்த்தாள். ஏழெட்டு மீன்களும் மூன்று கெளுத்திகளும் மட்டும் மிச்சம்.

"கழுவக் கூடாதுன்னு நீங்க சொல்லலீங்களே" என்றாள்.

பஞ்சுக் கவரை என் கையில் கொடுத்து அவர் சொன்ன இடம், அந்த வெயில், நான் தலையாட்டியது, எல்லாம் அப்போதுதான் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. தொட்டி விளக்கை அவளே அணைத்தாள்.

காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு பட்டறைக்காரர் கூப்பிட்டார். அவருடைய சின்னத் தொட்டியில் ஓடும் பஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன், இன்றைக்கே வந்து வாங்கி, காயாமல் கொண்டுபோங்கள் என்றார். இருக்கும் மீன் பிழைத்தாலும் பிழைக்கும் என்றார். நான் ஒரு டிபன் டப்பாவையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்தேன். கைக்கு அடக்கமாக வேறெதுவும் இல்லாததால், ஆணியில் மாட்டியிருந்த ரெக்சின் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். பண்ணைக்குள் போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கலாம். எழுதவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

பஸ் கிடைத்துத் திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிட்டது. வீடு திறந்திருந்தது. தொட்டியில் விளக்கு எரியவில்லை. அவள் அடுப்படியில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு போட்டிருந்தாள், ஒரு வாய்கூடத் தின்னவில்லை. என்னைப் பார்த்ததும் ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவளைப் போல எழுந்தாள்.

"என்ன புள்ள?" என்றேன்.

"ஆணியப் பாத்தனுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. திரும்பிக் கதவைப் பார்த்தேன். வெறும் ஆணி. பை என் தோளில் இருந்தது. வேலை விட்டு வந்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்த ஆணியைத்தான் என்பது எனக்கு இத்தனை வருஷத்தில் தெரியாது. பை இருந்தால் நான் இருக்கிறேன். இல்லாவிட்டால் போய்விட்டேன். அதை வைத்துத்தான் அவள் அரிசி அளந்திருக்கிறாள்.

அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். காலி. அன்றைக்கு ஒரு ஆளுக்குத்தான் ஆக்கியிருந்தாள். மீன் செத்துவிட்டது, அவர் போய்விட்டார் என்று முடிவு செய்து, ஒரு ஆழாக்கு குறைத்து, ஒரு தட்டு வைத்திருக்கிறாள். இதேபோல எத்தனை சாயங்காலம் ஒரு ஆளுக்கு ஆக்கியிருப்பாள் என்று நான் கேட்கவில்லை. பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுண்டுவிரல் போன அன்றும் இப்படித்தான் உட்கார்ந்தேன். வலி பிறகுதான் வந்தது.

பையைத் திறந்து டப்பாவைக் காட்டினேன். எங்கே போனேன், எதற்குப் போனேன், யார் கூப்பிட்டார்கள், எந்தப் பஸ்ஸில் வந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். பஞ்சில் பாதியைத் தொட்டித் தண்ணீரில் பிழிந்தேன். கறுப்பாகப் புகைந்து பரவியது. அவள் கை தன்னை அறியாமல் நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு விட்டுவிட்டது.

"செரி, ஊத்துங்க" என்றாள்.

மீதிப் பஞ்சைப் பெட்டிக்குள் வைத்து மோட்டாரை ஓடவிட்டேன். அவள் தட்டில் இருந்த சோற்றை இன்னொரு தட்டில் பாதி தள்ளினாள். பிறகு, பத்தாது என்று அரிசி களைந்து மறுபடி உலை வைத்தாள். அது வேகும்வரை இரண்டு பேரும் கலங்கிய தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

கோடு போட்ட மீன்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கெளுத்திகள் மூன்றும் பிழைத்தன. இன்றைக்கும் மணலை மோந்துகொண்டு திரிகின்றன. செடி தழைத்துவிட்டது. பையை எடுத்து அவள் பண்ணைக்குக் கொண்டுபோகும் டிபனுக்கு வைத்துக்கொண்டாள். ஆணி இன்னும் இருக்கிறது. பிடுங்கிவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது டீ குடிக்கப் பஸ் நிறுத்தம் வரை போவதாக இருந்தாலும் அடுப்படி வாசலில் நின்று சொல்கிறேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. "செரிங்க" என்று மட்டும் சொல்கிறாள். அப்புறம்தான் நான் செருப்பை மாட்டுகிறேன்.