வசந்தகுமாரியின் பாஸ்வேர்டு

வசந்தகுமாரியின் மெயிலுக்குள் புகுந்தவன் அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கவில்லை. ரஷ்யாவிலும் இல்லை. அந்தக் காலத்துப் பேப்பரில் படம் போடுவார்கள், இருட்டறையில் கண்ணாடி போட்ட ஒருத்தன் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருப்பான். அவன்தான் ஹேக்கர் என்று ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்க நம்பியது. நாங்களும் நம்பினோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சுசீலா, மேனாம்பேட்டுக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் எனக்கும் வசந்தாவுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சோளிங்கரில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து, கல்யாணமாகி ஆவடிக்கு வந்தவள் அவள். போர்டும் பென்சிலும் போய் கம்ப்யூட்டர் வந்தபோது செக்‌ஷனில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவள் மத்தியானச் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு வந்து பழகினாள். பிறகு பெரிய டிராயிங் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் போகும். இன்சார்ஜ் பதவி மட்டும் அவளுக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆம்பிளைக்குப் போனது. கேட்டதற்கு, "நீங்க சாயந்திரம் சீக்கிரம் ஊட்டுக்குப் போவணுமே, வசந்தா" என்றார்கள். என்னமோ அவள் கேட்டு வாங்கிய வசதி மாதிரி.

அவள் புருஷன் உத்தமன். கள்ளிக்குப்பத்துக்காரன். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். மகனுக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலையும் அதன் குவார்ட்டர்ஸில் வீடும் கிடைத்தன. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். நல்ல மனுஷன் என்று குவார்ட்டர்ஸே சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றெட்டு ஆயுத பூஜைக்கு முன்னால் வசந்தா சீட்டு எடுத்து ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினாள். வீட்டிலிருந்தே கொஞ்சம் டிராயிங் வேலை செய்யலாம் என்று எண்ணம். உத்தமனுக்குப் பெருமை தாங்கவில்லை. மானிட்டருக்கு விபூதிப் பட்டை போட்டு, மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டான். வைரஸ் வந்துவிடும் என்று செருப்போடு யாரையும் அந்த அறைக்குள் விடமாட்டான். பார்க்க வருகிறவர்களிடம், "ஹேக்கர் பூந்தான்னா அவ்ளோதான் அண்ணாத்தே, மொத்தத்தையும் சுருட்டிகினு பூடுவான். நம்மள்ட்ட ஆன்ட்டி வைரஸ் கீது" என்று அளப்பான். வசந்தா சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

மெயில் கணக்கைத் திறந்து கொடுத்தவர் ஆவடி மார்க்கெட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சம்பத். "மறக்காத ஒரு நம்பரைப் பாஸ்வேர்டா போடுங்க மேடம்" என்றாராம். வசந்தா யோசிக்கவே இல்லை, ஃபேக்டரியில் உத்தமனுக்குக் கொடுத்திருந்த டோக்கன் நம்பரைப் போட்டாள்.

வேறு எந்த ஊர்ப் பெண்ணும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோருமே செய்திருப்பார்கள். ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் பிரசவ வலியோடு போய் நின்றாலும் முதல் கேள்வி "டோக்கன் நம்பர் இன்னாம்மா?" என்பதுதான். பேர் அப்புறம். ஸ்டோரில் சர்க்கரை வாங்க அந்த நம்பர், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அந்த நம்பர். சைக்கிள் மட்கார்டிலும் டிபன் கேரியரிலும் தண்ணீர்க் குடத்திலும்கூட அதையே பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பார்கள். சொந்தமாக ஒரு பூட்டு கிடைத்தபோதும் அவளுக்குப் புருஷன் நம்பர்தான் வாயில் வந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வருஷமாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாத ஊரைத்தான் சொல்வேன்.

ஜனவரியில் பெங்களூர் கம்பெனி ஒன்று சென்னையில் இன்டர்வியூ வைத்தது. டிராயிங் செக்‌ஷனுக்குப் பொறுப்பாளர் வேலை, தங்க வீடும் தருவார்கள். வசந்தா போய்விட்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "கெடைச்சிடும் போலக்கீது, சுசீ. புஷ்பாவ அங்கயே ஸ்கூல்ல சேர்த்துடுவேன். ராத்திரி ரயில் ஏறினா அவரும் வந்து வந்து போலாம். அவருக்கும் அங்க ஒரு மாற்றல் கேட்டுப் பாக்கலாம்" என்றாள். புஷ்பா அவர்களின் ஒரே மகள், நாலாம் வகுப்பு. உத்தமன், "வந்தா பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னானாம்.

பதில் மெயிலில் வரும் என்றிருந்தார்கள். தினமும் வேலை முடிந்து வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, மோடம் கீச்சிட்டு முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். ஒன்றும் வராது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெங்களூருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

வெளியே வந்து, "நான் வேணாம்னு மெயில் போட்டேனாம்" என்றாள். "குடும்ப சூழ்நிலையால வேலைய ஏத்துக்க முடியலன்னு. எம் பேருலயே. எம் மெயில்லேர்ந்தே."

"ஹேக்கரா இருக்கும்டி" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி. பெங்களூர் வேலையைக் கெடுத்து எந்த ரஷ்யாக்காரனுக்கு என்ன லாபம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை.

சம்பத்திடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டதே, "பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?" என்றுதான். அவள் டோக்கன் நம்பர் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள். அந்த வாரமே மறுபடியும் பூட்டு உடைந்தது. இவள் புதிய பாஸ்வேர்டை அடிக்கிறாள், தப்பு என்கிறது கம்ப்யூட்டர். அவளுடைய கணக்கு அவளையே உள்ளே விடவில்லை.

சம்பத்துக்கு அது எப்படி என்று புரிந்துவிட்டது. பாஸ்வேர்டு மறந்துவிட்டால் மெயில் ஒரு ரகசியக் கேள்வி கேட்கும். சரியான பதில் சொன்னால் புதிதாகப் பாஸ்வேர்டு போட விடும். வசந்தாவின் ரகசியக் கேள்வி, "உங்கள் சொந்த ஊர் எது?" பதில் சோளிங்கர். இதில் என்ன ரகசியம் கிடக்கிறது? தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் வந்து குடியிருக்கும் குவார்ட்டர்ஸில், புதிதாகக் குடி வந்தவர் சட்டி பானையை இறக்கும்போதே எதிர்வீட்டுக்காரர் கேட்பது அதைத்தான். அந்த பிளாக்கில் நாய்க்குக்கூடத் தெரியும் அவள் சோளிங்கர் என்று.

"மேடம், இது வெளியாள் வேலை இல்ல" என்றார் சம்பத், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்குச் சாயந்திரம் நானும் அவளோடு போனேன். உத்தமன் வாசலில் நாற்காலி போட்டு, அடுத்த பிளாக் தசரதனோடு பேசிக்கொண்டிருந்தான். தசரதன் ஃபேக்டரி ஆபீஸ் கிளார்க், இங்கிலீஷ் நன்றாக எழுதுவார். வசந்தா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எம் மெயிலத் தொறந்தது யாருய்யா?"

மறுப்பான் என்று நினைத்தேன். முழிப்பான் என்றாவது நினைத்தேன். அவன் சிரித்தான்.

"நான்தான். அதுக்கின்னா இப்ப? புருசன் பொண்டாட்டிக்குள்ள இன்னா பூட்டு வேண்டிக்கீது?"

"பெங்களூருக்கு வேணாம்னு எழுதனதும் நீயா?"

"போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம தசரதன் எழுதிக் குடுத்தாரு, நான் அனுப்பிச்சிட்டு அவங்க மெயிலயும் அழிச்சிட்டேன். நீ பாட்டுக்குக் கெளம்பிட்டா நான் இங்க இன்னா செய்றது? நாலு பேரு இன்னா பேசுவான்? உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

தசரதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "குடும்பம்னா ஒருத்தர் விட்டுக்குடுத்துதாம்மா போவணும்" என்றார். அந்த ஒருத்தர் எப்போதும் யார் என்று நான் கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். எதிர்வீட்டு நாகம்மா படியில் நின்று கேட்டுவிட்டு, "இதுக்குப் போய் இன்னாத்துக்குடி தெருவுல நின்னு கத்தறே? கட்டுன புருசன்தானே படிச்சான்?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்டேன். வசந்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். "உடு சுசீ. இவங்களுக்கு இது திருட்டுன்னே தெரியல."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அன்றைக்கு ராச்சோறு மட்டும் ஆக்கவில்லை.

மறுநாளே சம்பத் கடையில் புதுக் கணக்கு திறந்தாள். பாஸ்வேர்டை எனக்குக்கூடச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ரகசியக் கேள்விக்கு உண்மையைச் சொல்லக் கூடாது என்று சம்பத் சொல்லிக் கொடுத்தார். "பொய் சொல்லுங்க மேடம், கம்ப்யூட்டர் வந்தா பாக்கப் போவுது?" யாருமே கேள்விப்படாத ஓர் ஊரை அவள் சொந்த ஊராக எழுதினாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தால் வேலை முடிந்ததும் வெளியேறிவிட்டுத்தான் எழுந்திருப்பாள், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. உத்தமன் ஆறேழு தரம் முயற்சி செய்து பார்த்தான். பிறகு, "எம் பொண்டாட்டி என்னையே திருடனாக்கிட்டா" என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனுக்காக உச்சுக்கொட்டவும் ஆட்கள் இருந்தார்கள்.

பெங்களூருக்கு நடந்ததை எழுதினாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த மெயிலைப் படித்த அன்று கம்பெனி பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே நின்றிருந்த எனக்குக் கேட்டது. அந்த அழுகைக்குக் காரணமானவனை நல்ல மனுஷன் என்று சொன்ன என் வாயை நானே கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

கோடை விடுமுறை தொடங்கிய சமயம் பெங்களூர்க்காரர்களே மறுபடி எழுதினார்கள். முதலில் சேர்ந்த ஆள் நிற்கவில்லை. ஜூன் முதல் தேதி வந்து சேர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னாள். புஷ்பா கூடத்தில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வசந்தா கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, உத்தமனைக் கூப்பிட்டாள்.

"ஒக்காரு. படிக்கணும்னு ஆசப்பட்டியே, படி."

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஜூன் முதல் தேதி என்ற இடம் வந்ததும் நிறுத்தினான். பிறகு அதற்குக் கீழே, வந்து சேருகிறேன் என்று அவள் அனுப்பியிருந்த பதிலையும் படித்தான். அவன் முகம் தொங்கிப்போனது.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒனக்குத் தோணலியா, வசந்தா?"

அவள் கத்துவாள் என்று பயந்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"நீயும் தசரதனும் இதே சேர்ல ஒக்காந்து எம் பேருல எழுதினீங்களே, அன்னிக்கும் ஞாயித்துக்கெழமதான். நான் எங்கியும் போவல. பக்கத்து ரூம்ல உங்க ரெண்டு பேருக்கும் டீ போட்டுகினு இருந்தேன். ஒரு கொரல் குடுத்தியா?"