பதினொரு தடவை ஐரோப்பா போனவர்

வண்டிச்சோலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மருதமுத்து பதினொரு தடவை ஐரோப்பா போய் வந்தவர் என்று. டீ பேக்டரி மேனேஜரே ஒரு தடவைதான் போனார். அதுவும் மகன் கூட்டிப்போய். நம் மருதமுத்து பதினொரு தடவை! பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடம் இல்லாமல் புதுசு வாங்கினவர் குன்னூர் வட்டாரத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

போனது சமைக்க. லவ்டேல் பக்கம் ஒரு பள்ளிக்கூட மெஸ்ஸில் பதினெட்டு வருஷம் கரண்டி பிடித்தவர் அவர். அங்கே படித்த மகனைப் பார்க்க வந்த கோயமுத்தூர் ஹரிதாஸ் ஒரு நாள் அவர் கைச் சாம்பாரைச் சாப்பிட்டார். நம்மாட்களைக் கூட்டமாக ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போகிற டிராவல்ஸ் வைத்திருந்தார் ஹரிதாஸ். கூட்டிப்போய் என்ன பிரயோசனம்? மூன்றாம் நாளே எல்லாரும் ரசத்துக்கு ஏங்கி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார்களாம். "மாஸ்டர், நீங்க வர்றீங்களா?" என்று கேட்டார். 2003 மே மாதம் மருதமுத்து முதல் தடவையாக விமானம் ஏறினார்.

வேலை இப்படி: பயணிகள் நாற்பது பேரும் பஸ்ஸில் வருவார்கள். அரிசி, பருப்பு, புளி, பெரிய குக்கர் இரண்டு, இவற்றோடு மாஸ்டர் ஒரு வேனில் முன்னாடியே போய்விடுவார். பஸ் ஒரு கோபுரத்தடியில் நின்று எல்லாரும் போட்டோ எடுக்கிற நேரத்தில், வேன் அடுத்த ஓட்டல் சமையற்கட்டில் சாமான் இறக்கிக்கொண்டிருக்கும். காலையில் உப்புமா, மதியத்துக்குப் பொட்டலம், சாயங்காலம் சுடச்சுடச் சோறு. பாரிஸில் அவருக்குத் தெரிந்தது ஓட்டலின் பின்வாசல். ரோமில் பார்த்தது வெங்காயம். பதினொரு தடவையும் இதே கூத்துதான்.

இதை ஊரில் வந்து எப்படிச் சொல்வது? அவர் மனைவி கண்ணம்மா டீ பேக்டரி கேட்டுக்கு எதிரில் டிபன் கடை வைத்திருக்கிறாள். முதல் தடவை அவர் திரும்பி வந்த அன்று, இட்லி தின்ன வந்தவர்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். "ஏனுங்க, அந்த இரும்புக் கோபுரத்து மேல ஏறுனீங்களா?" என்று ஒருவர் கேட்க, "ஏறாம பின்ன?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். ஏறினவர் என்ன பார்த்தார் என்று சொல்ல வேண்டாமா? சாப்பிடும்போது பயணிகள் பேசியது காதில் விழுந்திருந்தது. அதை வைத்து ஒப்பேற்றினார். வருஷா வருஷம் கொஞ்சம் உப்பும் காரமும் கூடிக்கொண்டே போனது. கண்ணம்மா வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து கேட்பாள். அவள் அப்படிக் கேட்பதற்காகவே இன்னும் நாலு பொய் சேர்த்துச் சொல்வார். ஊர் நம்பியதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் நம்பினாள், அதுதான் பெருமை.

பன்னிரண்டாவது தடவையில் வந்தது வினை. ஹரிதாஸ் பெரிய மனசு பண்ணி, "மாஸ்டர், இந்த வருஷம் வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. பஸ்ல ஒரு சீட்டு அவங்களுக்குத்தான்" என்றார். மருதமுத்து விட்ட கதையெல்லாம் வெளுத்துவிடுமே! "அவளுக்குக் கடை இருக்குதுங்க, குளிரு ஆகாதுங்க" என்று சொல்லிப் பார்த்தார். குன்னூர்க்காரிக்குக் குளிர் ஆகாதாம்! ஹரிதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குள் கண்ணம்மா ஊர் பூராவும் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

அவள் பஸ்ஸில், அவர் வேனில். முதலில் பாரிஸ். அங்கே ஒரு பெண் லேசாகச் சிரிக்கிற படம் இருக்கிறதே, உலகமே வரிசையில் நின்று பார்ப்பது, அது சினிமாத் திரை அகலம் இருக்கும் என்று மருதமுத்து பத்து வருஷமாகச் சொல்லி வந்திருந்தார். அத்தனை பேர் போய்ப் பார்க்கிறார்கள் என்றால் அத்தனை பெரிசாகத்தானே இருக்க வேண்டும்? சாயங்காலம் கண்ணம்மா தட்டோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் பொம்பளை படத்த நீங்க எங்க நின்னு பாத்தீங்க?"

"நேரா முன்னாடி நின்னுதான். ஏன்?"

"இல்ல, காலண்டர் அட்டையாட்ட இருந்துச்சு. அதான் கேட்டனுங்க."

"மாத்தி வெச்சிருப்பாங்க" என்றார் மருதமுத்து. சொன்ன வாய்க்கே கூசியது.

வெனிஸ் வாய்க்காலில் தண்ணீரை அள்ளிக் குடித்ததாக வேறு சொல்லியிருந்தார். பாசி நிறத்தில் கிடந்த அந்த உப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்த கண்ணம்மா ஒன்றுமே கேட்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இருபத்தாறு வருஷக் குடித்தனம். இனிமேல் மெஸ்ஸில் நடந்ததைச் சொன்னால்கூட இவள் நம்பமாட்டாள் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பொரியலில் உப்புப் போட மறந்தார்.

ஏழாம் நாள் சுவிட்சர்லாந்து. மலை ரயிலில் பனிச் சிகரத்துக்குப் போகிற நாள். பயணிகள் காத்துக்கிடப்பதே இந்த ஒரு நாளுக்காகத்தான். விடிகாலையில் மருதமுத்து ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணம்மா உள்ளே வந்தாள். அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள்.

"போய்க் குளிச்சுட்டுக் கெளம்புங்க. இன்னிக்கு மலைக்கு நீங்க போறீங்க."

"உனக்கென்ன கிறுக்கா? சீட்டு உனக்குக் குடுத்தது."

"ஜஸ்டஸ் தம்பிகிட்டச் சொல்லியாச்சு. அது பாத்துக்கும்." ஜஸ்டஸ், பஸ்ஸோடு வருகிற டூர் மேனேஜர்.

"நாப்பது பேருக்குச் சமைக்கோணும் கண்ணம்மா."

"பேக்டரி ஷிப்டு பூராவும் என்ற கடையிலதான் திங்குது. எனக்கு நாப்பது பேரு ஒரு கணக்கா?"

"நான் பாத்த மலைதான…" கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தார்.

கண்ணம்மா அடுப்பைத் தணித்தாள். "பாத்தீங்களா?"

மருதமுத்து ரவையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இல்ல" என்றார். "ஒண்ணையுமே பாத்ததில்ல."

"ஜஸ்டஸ் தம்பி சொல்லுச்சு. அண்ணன் பாவங்கக்கா, சமையக்கட்ட உட்டு வெளிய வந்ததே இல்லைன்னு." அவள் ரவையை ஒரு கிளறு கிளறினாள். "என்றகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"என்னத்தச் சொல்றது? பாரிஸுக்குப் போயி உருளைக்கெழங்கு உரிச்சேன்னா?"

"ஆமா. அதத்தான் சொல்லியிருக்கோணும்."

மருதமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குளிக்கப் போனார்.

அவர் பஸ்ஸில் ஏறியதும், "மாஸ்டர் வந்துட்டாருடோய்!" என்று எல்லாரும் கை தட்டினார்கள். ரயிலில் ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்பு ஓடியது. "நம்ம மேட்டுப்பாளையம் ரயிலுக்கும் இதேதானுங்க" என்று பக்கத்தில் இருந்தவருக்கு மருதமுத்து விளக்கம் சொன்னார். அத்தனை சந்தோஷமாக அவர் இருந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

உச்சியில் இறங்கியதும், எல்லாருக்கும் முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று படியில் ஓடினார். "அண்ணா, மெதுவாப் போங்க, மூச்சு முட்டும்!" என்று ஜஸ்டஸ் கத்தினான். மலையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இந்தப் பொடியன் சொல்ல வந்துவிட்டான்! பாதிப் படியில் காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஜஸ்டஸ் ஓடி வந்து பிடித்து, உள்ளே ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லி, சர்க்கரை போட்ட டீ வாங்கிக் கொடுத்தான்.

வெளியே காலையிலிருந்து ஒரே மூடுபனி. அவர் குனிந்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் அது கால் மணி நேரம் விலகியது. எல்லாரும் ஆவென்று கூவுவது அவர் காதில் விழுந்தது. தள்ளாடி எழுந்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுபடியும் மூடிவிட்டது. ஜூலை மாதம் அவர் வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியுமோ, அதுதான் தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். மேகம் அசைந்து கொடுக்கவில்லை.

இறங்கும்போது ரயிலில் நாற்பது வாயும் அதைத்தான் பேசின. பனி வெள்ளையே இல்லையாம், நீலமாம். மலை இடுக்கில் ஐஸ் ஒரு ஆறு மாதிரி வளைந்து போனதாம். "பாத்தீங்களா மாஸ்டர்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிவைத்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சொல்வதற்கு வேண்டிய விவரம் அத்தனையும் மடியில் வந்து விழுந்திருந்தது. இத்தனை வருஷமும் இப்படித்தானே சேர்த்தார்?

சாயங்காலம் சமையற்கட்டுக்குள் போனார். கண்ணம்மா சோறு வடித்து, சாம்பார் இறக்கி, உருளை வறுவலும் முடித்திருந்தாள். நாள் பூராவும் அடுப்பில் வெந்த முகம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மத்த ஊரெல்லாம் என்ற கண்ணால பாத்துட்டனுங்க. இது ஒண்ணுதான் உங்க வாயால கேக்கோணும். சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

நீலப் பனி அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஐஸ் ஆறும் வந்தது. நன்றாகத்தான் சொல்ல வரும் அவருக்கு. தன் சீட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒரு நல்ல மலையையாவது கொடுக்க வேண்டாமா?

"ஒண்ணும் பாக்கல கண்ணம்மா" என்றார். "எளவட்டமாட்ட ஓடுனேன், தலை சுத்திருச்சு. மேகம் வெலகுன நேரம் பூராம் பெஞ்சுல குனிஞ்சு என்ற செருப்பத்தான் பாத்துட்டு இருந்தேன். எந்திரிச்சுப் போறேன், மூடிக்கிச்சு. உன்ற சீட்டையும் பாழாக்கிட்டேன்."

கண்ணம்மா அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டை எடுத்து அவருக்குச் சோறு போட்டாள்.

"இப்பத்தானுங்க நீங்க யூரோப்பு போய்ட்டு வந்தாப்பல இருக்குது" என்றாள்.