ரகசியப் பெட்டிக்குள் இரண்டு கோடு

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன் உண்டு. ஆனால் எந்தப் போனும் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. கைக்கு எது அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். என் கணவர் என் போனில் கிரிக்கெட் பார்ப்பார். தன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என் மாமியார் என் போனை எடுத்து, திருப்பூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுவார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் புதுப் போன் வாங்கிய அன்று கடையில் மெயில் ஐடி கேட்டார்கள். அத்தைக்கு ஏது மெயில்? "என்னோடதையே போடுங்க" என்று நான் சொல்லிவிட, நாங்கள் எதிர்க்கடைக்கு ஐஸ்கிரீம் சாப்பிடப் போனோம். அவ்வளவு தாராளமான குடும்பம்.

எனக்கு இதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் ஆகவே ஆகாது. ஒரு படத்தைக் காட்டலாம் என்று போனை நீட்டினால், அந்த ஒரு படத்தோடு யாரும் விடுவதில்லை. விரல் தானாக அடுத்த படத்துக்குத் தள்ளும். அடுத்தது, அதற்கும் அடுத்தது. "இது எப்ப எடுத்தது? இது யாரு? இந்தச் சேல புதுசா?" நம் வீட்டுப் பீரோவை நம் எதிரிலேயே திறந்து ஒவ்வொரு சேலையாக உதறிப் பார்ப்பது மாதிரி இருக்கும். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுள்ளென்று ஏறும். வெளியே சிரித்துக்கொண்டு நிற்பேன்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு படத்தை ஒளித்து வைக்க வேண்டி வந்தது.

அன்று காலை என் கணவர் வீட்டில் இல்லை. சுற்றுலா வேன் ஓட்டுகிறவர் அவர். ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரி போயிருந்தார். நான் பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கையில் பிடித்திருந்த வெள்ளை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கோடு வந்தது. பிறகு மெல்ல, ரொம்ப மெல்ல, இரண்டாவது கோடும் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். குதித்த குதியில் பக்கெட் உருண்டது.

"என்னத்தா உள்ள உருட்டுற?" என்று வெளியிலிருந்து அத்தை கேட்டார்.

"பக்கெட்டு அத்தை, பக்கெட்டு!"

என் குரலே எனக்குப் பாட்டு மாதிரி கேட்டது.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பு இரண்டு முறை சொன்னோம். அத்தை தனுஷ்கோடியில் சங்கு, சிப்பி மாலை விற்கும் கடை போட்டிருக்கிறார். அவர் காதில் ஒரு செய்தி விழுந்தால் அது அடுத்த கடைக்குப் போகும், அங்கிருந்து ஜீப்காரர்களுக்கு, அவர்களிடமிருந்து அக்காள்மடத்தில் எங்கள் தெரு முழுக்க. இரண்டு முறையும் ஊரே சந்தோஷப்பட்டது. இரண்டு முறையும் மூன்று மாதம் முடிவதற்குள் கலைந்துபோனது. கலைந்ததைவிட அதற்குப் பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான் என்னைக் கொன்றார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார்கள். நான் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அதை மூன்றாவது முறையும் தாங்க என்னால் முடியாது. அதனால் டாக்டர் ஸ்கேன் பார்த்து நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லும்வரை யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமாக, அத்தைக்குத் தெரியவே கூடாது.

கணவருக்கு மட்டும் அனுப்பினேன். ரொம்பச் சாமர்த்தியமாக, ஒரே ஒரு தடவை பார்த்ததும் மறைந்துபோகிற மாதிரி அனுப்பினேன். அவர் எங்கோ டீக்கடையில் நிறுத்தி அதைத் திறந்திருக்கிறார். உடனே போன் வந்தது.

"யாருக்கு காய்ச்சலு? அம்மாவுக்கா, ஒனக்கா?"

காய்ச்சல் பார்க்கும் கருவி என்று நினைத்துவிட்டாராம்! சத்தம் போட்டு விளக்கவும் முடியாது, அத்தை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, போன் கேமராவிலேயே தெளிவாக இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன். கீழே "ரெண்டு கோடு! எண்ணிப் பாருங்க!" என்று எழுதினேன். கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டவர் மூக்கை உறிஞ்சினார். பின்னால் யாரோ "டிரைவர் அண்ணே, போலாமா?" என்று கேட்பது மட்டும் எனக்குக் கேட்டது.

அந்தப் படத்தை அழிக்க மனம் வரவில்லை. அழிப்பதா? அதை நாளுக்கு நாலு முறை பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் போனிலேயே ஒரு ரகசியப் பெட்டி இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்குள் போட்ட படம் வெளியே எங்கேயும் தெரியாது. என் விரல் ரேகை பட்டால்தான் திறக்கும். படத்தை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, வெளியே நன்றாகத் தேடிப் பார்த்தேன். இல்லை. எங்கேயும் இல்லை. புதையலைப் புதைத்துவிட்டு அதன் மேல் கோலம் போட்டவள் மாதிரி இருந்தது எனக்கு. இனி எந்த விரலும் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளட்டும்.

தினமும் ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகிறவள் நான். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கடலைப் படமெடுப்பார்கள். என் பக்கம் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் எனக்கு நேரம். விரலை வைப்பேன், பெட்டி திறக்கும், இரண்டு கோடும் அப்படியே இருக்கும். பாலம் இறங்கும்வரை பார்த்துவிட்டுப் பூட்டுவேன். பயமும் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறதா, நாளைக்கும் இருக்குமா என்று வயிற்றைத் தொட்டுக்கொண்டே பார்ப்பேன். ஆனாலும் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை.

இதற்கிடையே அத்தையின் போக்கு மாறியது. நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் வந்து பிடுங்கிக்கொண்டார். "நீ சிந்துற" என்றார். ஒரு நாள் என் கணவர், விவரமே இல்லாத மனுஷன், பெரிய பப்பாளிப் பழம் ஒன்றை வாங்கி வந்து, "சாப்புடு, ஒடம்புக்கு நல்லது" என்று என் எதிரில் வைத்தார். இதை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது அத்தை அதை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டார். "அழுகிப் போச்சு" என்றார். என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிட ஆச்சரியம், அத்தை தன் போனுக்குப் பூட்டுப் போட்டிருந்தார். ஊரே எடுத்துப் பேசுகிற போன் அது. இப்போது மகன் கேட்டாலும் கொடுப்பதில்லை. "ஒனக்கு என்ன வேணும்? நம்பரச் சொல்லு, நான் போட்டுத் தாரேன்" என்று தானே விரலால் கோடு இழுத்துத் திறந்து கொடுத்துவிட்டு, பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அத்தையின் பக்கத்துக் கடைக்காரப் பெண் என்னிடமே புகார் சொன்னாள். "மதினி, ஒங்க மாமியாரு போனத் தொடவே விடமாட்டேங்குது. அதுல அப்பிடி என்ன வச்சிருக்கு?"

நானும் என் கணவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அத்தை ரகசியமாக ரீல்ஸ் போடுகிறார்! கடலைப் பார்த்துத் திரும்பி நின்று கையை விரிப்பார் என்று என் கணவர் நடித்துக் காட்டினார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன், பிறகு பயந்துபோய்ச் சிரிப்பை நிறுத்தினேன்.

அத்தையின் தங்கை பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கிறார். அவர் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. சொந்தம் மொத்தமும் அங்கே திரண்டது. சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் போன்கள் கை மாற ஆரம்பித்தன. என் போன் போன வழி எனக்கே தெரியவில்லை. யார் யாரோ தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன், பெட்டி பூட்டியிருக்கிறதே! அப்போது அத்தையின் தங்கை, அத்தை குழந்தைக்கு மாலை போட்டுவிட்ட படத்தைப் பார்ப்பதற்காக, அத்தை கையில் திறந்திருந்த போனை வெடுக்கென்று வாங்கி விரலால் தள்ளினார்.

அத்தை பாய்ந்தார். சங்கு மூட்டை தூக்குகிற கை அது. தங்கையின் கையிலிருந்து போனைப் பறித்த வேகத்தில் தங்கை போட்டிருந்த வளையல் ஒன்று உடைந்தது.

"எவளும் எம் போனத் தொடக்கூடாது. சொல்லிட்டேன்!"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. தங்கை முகம் சுருங்கிப்போய், "அப்பிடி என்னக்கா புதையலு வச்சிருக்க?" என்று கேட்டார். அத்தை போனைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அக்கா தங்கை இருவரும் அன்று முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு ரீல்ஸுக்கு இவ்வளவா என்று எனக்குத் தோன்றியது.

ஸ்கேன் நாள் வந்தது. ராமநாதபுரத்தில் அந்த இருட்டறையில் படுத்திருந்தபோது என் கணவரின் விரல்களை நெரித்துவிட்டேன். டாக்டர் அம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒன்று துள்ளியது. உண்மையாகவே துள்ளியது! "நல்லாருக்கு. இனிமே வீட்ல சொல்லிக்கலாம்" என்றார். நான் அழுதேன், சிரித்தேன், டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

வேனை எடுத்துக்கொண்டு வீட்டைத் தாண்டி நேராகத் தனுஷ்கோடிக்குப் போனோம். பாம்பன் பாலத்தில் முதல் தடவையாக நானும் ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்தேன். தனுஷ்கோடிச் சாலையின் ஒரு பக்கம் ஆண்கடல் அலையடித்துக்கொண்டிருந்தது, மறுபக்கம் பெண்கடல் குளம் மாதிரி கிடந்தது. அத்தை குடைக்குக் கீழே உட்கார்ந்து சிப்பி கோத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரில் போய் நின்றேன்.

"அத்தை, ஒன்னு காட்டணும்."

எத்தனை நாளாகத் திட்டமிட்ட காட்சி அது! பெட்டியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். விரலை வைத்தேன். திறக்கவில்லை. வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து விரல் பிசுபிசுத்தது. துடைத்துவிட்டு வைத்தேன். ஊதிவிட்டு வைத்தேன். போன் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

"மெல்லத்தா, மெல்ல. எதுக்கு இம்புட்டு அவசரம்? இங்கன ஒக்காரு" என்றார் அத்தை. மடியிலிருந்து தன் போனை எடுத்தார். விரலால் கோடு இழுத்தார். "இதத்தான காட்ட வந்த?"

அவர் போனில் என் படம் இருந்தது. ஜன்னல் வெளிச்சம், வெள்ளை அட்டை, இரண்டு கோடு.

புதுப் போன் வாங்கிய அன்று நான் கொடுத்த என் மெயில் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் எடுக்கிற படமெல்லாம், பெட்டிக்குள் பூட்டுவதற்கு முன்பே, அந்த மெயில் வழியாக இத்தனை நாளும் அத்தை போனுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் என் வீட்டுக் கதவை மட்டும் பூட்டியிருக்கிறேன்.

அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ எடுக்குற போட்டோ எல்லாத்தையும் எனக்கு அனுப்பி வைப்பேல்ல? மருமக எதையும் மறைக்காம காட்டுறாளேன்னு எனக்குப் பெருமை. இதையும் அனுப்பிருந்த. வாயால சொல்ல பயந்துக்கிட்டு எனக்கு மட்டும் அனுப்பிருக்கான்னு நெனச்சேன். நீ வாயால சொல்லாதத நான் வாயால கேக்கலாமா? ரெண்டு தடவையும் நாந்தான ஊருபூரா சொல்லித் திரிஞ்சேன். எம் வாய்தான் ஒன் வயித்துல விழுந்துருச்சோன்னு ராத்திரியெல்லாம் நெனப்பேன். அதான் ஒரு டூரிஸ்டு புள்ளயக் கேட்டு பூட்டு போட்டுக்கிட்டேன். எம் மககிட்டகூட மூச்சு விடல. அழிக்கவும் பயம். இதுல அழிச்சா ஒனக்கும் அழிஞ்சுபோயிருமேன்னு."

நான் இவ்வளவு நாளும் யாரிடமிருந்து ஒளித்தேனோ அவர்தான் அதை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் வாயைத் திறந்தார். "இல்லம்மா, அது மெயிலு..." என்று ஆரம்பித்தவரின் காலை நான் ஓங்கி மிதித்தேன்.

"ஆமா அத்தை" என்றேன். "ஒங்களுக்கு மட்டுந்தான் அனுப்புனேன்."

அந்த மெயிலை இன்றுவரை மாற்றவில்லை. எந்தப் படம் எடுத்தாலும் அத்தைக்குப் போகும் என்று தெரிந்தேதான் எடுக்கிறேன். போகக்கூடாத படங்களை எடுப்பதில்லை, அல்லது அவற்றை அத்தைக்குப் போகாத வழியில் எடுக்கக் கற்றுக்கொண்டேன்.

அன்று, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதும் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவர் கையைப் பிடித்து, "இனிமே சொல்லலாமாம் அத்தை. சொல்லுங்க. எல்லார்ட்டயும் சொல்லுங்க" என்றேன். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "நெசமாவா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அத்தை பூட்டைத் திறந்து பக்கத்துக் கடைக்காரப் பெண்ணிடம் போனை நீட்டினார். "இந்தா. கேட்டேல்ல? பாரு." அவள் பார்த்தாள், கண்ணை விரித்தாள், அடுத்த கடைக்குக் கொடுத்தாள். போன் குடைக்குக் குடை தாண்டிப் போனது. மீன் பொரிக்கிற அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரல்கள் தள்ளின, தள்ளட்டும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையின் கடைசிக் கடையிலிருந்து ஒருத்தி படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்திக் கேட்டாள்.

"என்னக்கா இது? யாருக்கு காய்ச்சலு?"

அத்தை எழுந்து நின்றார். மடியிலிருந்த சிப்பியெல்லாம் மணலில் கொட்டியது.

"காய்ச்சலு இல்லடி, கோட்டிக்காரி! எம் மருமக முழுகாம இருக்காடி!"