முட்டிவாயனை எழுதியவர்

போன மாதம் என் தங்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு நான் அங்கே போய் ஆறு வருஷமாகிறது. கூப்பிடு தூரத்தில் இருப்பதை யார்தான் போய்ப் பார்க்கிறார்கள்? வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். தொப்பி போட்ட வழிகாட்டி ஒருவர் கடலைக் காட்டி ஆரம்பித்தார்.

"இங்க மொத்தம் ஏழு கோயிலு இருந்துச்சு. ஆறு கடலுக்குள்ள பூட்ச்சு. எப்டி போச்சு? முட்டிவாயன்னு ஒரு பூதம். அதுக்கு வாயி மூஞ்சில கெடையாது, முட்டில கீது. தவழ்ந்து தவழ்ந்து வந்து ஆறு கோயிலையும் முழுங்கிட்ச்சு. ஏழாவதாண்ட வரும்போது பாரு, முட்டி வலி வந்துட்ச்சு. மெல்ல முடியல. வுட்டுட்டுப் பூட்ச்சு."

குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்டன. எனக்குக் குடை கையிலிருந்து நழுவியது.

"எப்பா, இந்தக் கதைய உனக்கு யாரு சொன்னது?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? பல்லவர் காலத்துக் கதை. ஆயிரம் வருசமா சொல்லிகினு கீறாங்க."

ஆயிரமெல்லாம் இல்லை. முப்பத்தைந்து, மிஞ்சினால் முப்பத்தாறு. அந்தப் பூதம் பிறந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த முட்டி வலி யாருடையது என்றுகூட எனக்குத் தெரியும். சொன்னால் அந்தத் தொப்பிக்காரர் என்னைத்தான் பூதம் என்பார். குடையைப் பொறுக்கிக்கொண்டேன்.

எலுமிச்சம்பழச் சாதம் என்றதும் எனக்கு வருவது சாதத்தின் வாசனை இல்லை. காதில் மாட்டும் ஹெட்செட்டின் வாசனை. செங்கல்பட்டில் அப்போது நான் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் டெலிபோன் ஆபரேட்டர். மூன்று ஷிப்டுக்கும் அதே ஹெட்செட்தான். அதில் ஒருத்தியின் தேங்காய் எண்ணெய், இன்னொருத்தியின் விளக்கெண்ணெய், யாரோ ஒருத்தியின் காதுவலி மருந்து எல்லாம் ஊறிக் கிடக்கும். நான் கெட்டிக்கார ஆபரேட்டர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டுக்கு லைன் கேட்டவரை மிளகாய் மண்டிக்குப் போட்டுவிட்டேன். இருவரும் ஐந்து நிமிஷம் 'சரக்கு எப்படி, நல்ல சிவப்பா' என்று பேசிவிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலி எஸ்தர் அக்கா. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். குட்டையான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கைப்பைக்குள் ஜெபப் புத்தகம். செய்யூர் லைன் எடுத்தால் எப்போதும் கடல் மாதிரி ஓர் இரைச்சல் வரும். மற்றவர்கள் ரிப்பேர் எழுதி வைப்போம். எஸ்தர் அக்கா கண்ணை மூடிக் கேட்பார். "இல்லடி, அது இரைச்சல் இல்ல. எதுவோ மூச்சு வுட்டுகினு கீது" என்பார். எனக்கு அப்புறம் அன்றைக்குப் பூராவும் செய்யூர் லைனைத் தொடப் பயம்.

இந்த எஸ்தர் அக்காதான் கோரதேவன். மாத நாவல் படித்த தலைமுறைக்குப் பெயர் ஞாபகமிருக்கலாம். ரயில் நிலையக் கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த நாவல்கள். அட்டையில் ஒரு பெண் அலறிக்கொண்டிருப்பாள். கதையில் பெண்ணே இல்லாவிட்டாலும் அலறுவாள். உள்ளே இருந்தவை மட்டும் வேறு யாரும் எழுதாத கதைகள். ஒரு ஊரின் வியாழக்கிழமை கிணற்றில் விழுந்து தொலைந்துபோகும். புதன் முடிந்ததும் வெள்ளி வந்துவிடும். வியாழக்கிழமை பிறந்தவர்களுக்கெல்லாம் வயது ஏறாது. இன்னொன்றில் நிழல்கள் எல்லாம் லீவு கேட்டு ராஜாவிடம் மனு கொடுக்கும்.

முதல் கதையை அக்கா தன் சொந்தப் பெயரில்தான் அனுப்பினார். சென்னைப் பதிப்பாளர் சபாபதி ஒரு கார்டு எழுதினார்: 'கதை பயங்கரமாக உள்ளது. ஆனால் பெண் பெயரைப் பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். குடும்பக் கதை இருந்தால் அனுப்பவும்.' அக்கா அதே கதையைக் கோரதேவன் என்று போட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதமே அச்சில் வந்துவிட்டது. வீட்டிலும் சொல்ல முடியாது. மாமியார் சர்ச்சில் மாதர் சங்கத் தலைவி. மருமகள் பூதம் வளர்க்கிறாள் என்று தெரிந்தால் என்ன ஆவது?

ஆகவே இந்த ரகசியம் மூன்று பேருக்கு மட்டும். அக்கா, நான், டெலிபோன் லைன்மேன் ஏழுமலை. அக்காவின் கையெழுத்து கோழி கிளறின மண் மாதிரி இருக்கும். ரயிலில் நின்றுகொண்டே எழுதினால் வேறு எப்படி இருக்கும்? என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் நல்ல பிரதி எடுப்பது என் வேலை. நானோ பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறுகிறவள். பயங்கரமான இடம் வந்தால் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். அதனால் சில பூதங்களுக்கு ஒற்று விட்டுப்போயிருக்கும்.

ஏழுமலையின் வேலை தபால். வாசகர் கடிதங்களும் பதிப்பாளர் கடிதங்களும் செய்யூர் பக்கம் இருந்த அவர் வீட்டு முகவரிக்குத்தான் வரும். பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு கதையைக்கூடப் படித்ததில்லை. "எழுத்தப் பாத்தா கண்ணு சொக்குது எஸ்தரம்மா" என்பார்.

முட்டிவாயன் கதை மூன்று பாகம். இரண்டு பாகம் வந்து, கடற்கரைப் பக்கமெல்லாம் அதே பேச்சு. ஆறு கோயிலை முழுங்கியாயிற்று. மூன்றாவது பாகத்தில் அக்கா மாட்டிக்கொண்டார். "இவனக் கொல்லவும் மனசு வரல, வுட்டாலும் ஊர முழுங்கிடுவான். எப்டிடி நிறுத்தறது?" என்று சாப்பாட்டு நேரமெல்லாம் புலம்பல்.

அந்த நேரம் பார்த்து சபாபதியின் கடிதம். மாமல்லபுரத்து வாசகர்கள் சிலர் சேர்ந்து கோரதேவனுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள். 'கோரதேவன் என்று ஒருவர் இல்லவே இல்லை என்று வெளியே பேச்சு. இந்த முறையும் வராவிட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். பிறகு மூன்றாம் பாகத்தை நான் போட முடியாது.'

அக்கா கடிதத்தை மடித்தார். நிமிர்ந்து ஏழுமலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு ஏழுமலை அப்போது தாடி விட்டிருந்தார். கம்பத்தில் ஏறி ஏறி வெயிலில் கண் இரண்டும் சிவந்திருக்கும். கோரதேவன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

"நான் இன்னா பேசறது? லைன்ல எர்த் பால்ட்டு வந்தா இன்னா பண்றதுன்னு கேட்டா சொல்லுவேன்."

"யாரு எது கேட்டாலும் கடலப் பாத்து, 'அது கடலுக்குத்தான் தெரியும்'னு சொல்லு. போதும்."

"மண்டபத்துக்குள்ள கடலு எந்தப் பக்கம்னு எப்டி தெரியும்?"

"கெழக்க பாருய்யா!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ஏழுமலை, கழுத்தில் ரோஜா மாலை, பக்கத்தில் சபாபதி. நானும் அக்காவும் மூன்றாவது வரிசை. முதலில் ஒரு கல்லூரி ஆசிரியர் எழுந்தார்.

"ஐயா, தங்கள் படைப்புகளில் வருகிற இருள் எதன் குறியீடு?"

ஏழுமலை மெதுவாக மேற்கே திரும்பினார். அங்கே இருந்தது சமையலறை. அதையே வெறித்தபடி சொன்னார்: "அது கடலுக்குத்தான் தெரியும்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. எந்த நேரத்தில் எழுதுவீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அதுவும் கடலுக்குத்தான் தெரியும். விழாக்காரர் ஒருவர் காதோரம் குனிந்து, "சார், டீயா, காப்பியா?" என்றார். மைக் அதையும் பிடித்துவிட்டது. ஏழுமலை சமையலறையைப் பார்த்தார். "அது கடலுக்குத்தான் தெரியும்." மண்டபம் எழுந்து நின்று தட்டியது. இரண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டையும் குடித்தார்.

அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பெயர் அந்தோணி, கோவளத்தில் படகு வைத்திருப்பவர்.

"சார், எங்க வூட்ல நான் படிப்பேன், அம்மா கேட்டுகினு இருக்கும். அடுத்த பாகத்துல முட்டிவாயன் செத்துடுவானா சார்? சாவ வேணாம். எங்கம்மாவுக்கு முட்டி வலி. வூட்டுக்குள்ளயே தவழ்ந்துதான் போவும். அவன் தவழ்ந்து வர்றதப் படிச்சாலே, 'பாவம்டா, அவனுக்கும் வலிக்கும்'னு சொல்லுது."

அக்கா என் கையைப் பிடித்தார். ஏழுமலை கடலை நம்பியிருக்கலாம். ஆனால் அத்தனை கைதட்டலுக்கு மேல் இரண்டு டம்ளர் வேறு உள்ளே போயிருந்தது.

"சாவான்!" என்றார் மைக்கில். "லைன்மேன் ஒர்த்தன் வருவான். கம்பத்துல ஏறி, ஒயர உருவி, வாயிலயே வெச்சிடுவான். டப்புனு கரண்ட் புடிச்சி சாவான்!"

"சாக மாட்டான்!"

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எஸ்தர் அக்கா நின்றுகொண்டிருந்தார். "டெலிபோன் கம்பத்துல ஏதுய்யா அவ்ளோ கரண்டு? அவன் சாக மாட்டான்!"

ஏழுமலை உண்மையிலேயே கோபமாகிவிட்டார். "எழுதறது யாரு மேடம்? நீங்களா, நானா?"

கேட்டுவிட்டு அவருக்கே முகம் வெளுத்துப்போனது. அக்கா ஜெபப் புத்தகம் இருந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நான்தான்" என்றார். "கோரதேவன் நான்தான். எல்லாக் கதையும் நான் எழுதனது."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, அன்பான சிரிப்பு. அதுதான் தாங்க முடியவில்லை. ஏழுமலை மாலையைக் கழற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார். "சிரிக்காதீங்க! அவங்கதான் சார் எழுதனது. நான் வெறும் லைன்மேன். சத்தியமா ஒரு வரி படிச்சதில்ல!"

அவ்வளவுதான். எவ்வளவு பெரிய எழுத்தாளர், எவ்வளவு தன்னடக்கம் என்று விசில் பறந்தது. சபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி வந்தார். "அம்மா, நாமே எழுதினோம்னு நெனைக்கிற அளவுக்கு ஒன்றிப் படிக்கிறீங்க பாருங்க, உங்கள மாதிரி ஒரு வாசகிதான் எங்களுக்குச் சொத்து" என்று, 'சிறந்த வாசகி' என அப்போதே ஒரு பரிசை உண்டாக்கி, யாருக்கோ வாங்கி வைத்திருந்த எவர்சில்வர் தூக்குப் பாத்திரத்தை அக்கா கையில் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது ஏழுமலை கம்பியைப் பிடித்து நின்றபடி, "எஸ்தரம்மா, என்னிய செருப்பால அடிங்க" என்றார்.

"சும்மா இருய்யா. யோசிச்சிகினு கீறேன்." கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "கெடச்சிடுச்சுடி. அந்தப் படகுக்காரர் அம்மா சொன்னாங்களே. அவனுக்கும் வலிக்கும். முட்டி வலி! வாயே முட்டிலதான? எப்டி மெல்லுவான்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சபையில் ஒருத்தரும் நம்பவில்லையே என்று நான் பொருமிக்கொண்டு வந்தால், இவர் பூதத்துக்குத் தைலம் தேடிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் பாகம் சக்கைப்போடு போட்டது. அதன் முதல் அத்தியாயத்தில் தாடிக்கார லைன்மேன் ஒருவனை முட்டிவாயன் கம்பத்தோடு முழுங்கிவிடுவான். அக்காவின் பழிவாங்கல் அவ்வளவுதான். அதை மட்டும் ஏழுமலை எழுத்துக்கூட்டிப் படித்து, "என்னிய முழுங்கிட்டாங்கப்பா!" என்று ஊரெல்லாம் காட்டினார். அந்தோணி, கோரதேவனுக்கென்று ஒரு பெரிய பொட்டலம் கருவாடு அனுப்பியிருந்தார். ஏழுமலை அதைப் பிரிக்காமல் அக்காவிடம் கொண்டுவந்தார். ஒரு வாரம் எங்கள் அறை முழுக்க நெத்திலி மணம்.

அதன் பிறகு டி.வி. வந்தது, கயிற்றில் தொங்கிய நாவல்கள் குறைந்தன. ஆபரேட்டர் இல்லாமலே கால் போட ஆரம்பித்தார்கள். எங்களைப் பில் பிரிவுக்கு மாற்றினார்கள். ஏழுமலை ஓய்வு பெற்ற மறு வருஷமே போய்ச் சேர்ந்தார். நானும் அக்காவும் செய்யூருக்குப் போனபோது பஸ் நிறுத்தத்திலேயே போஸ்டர்: 'எழுத்தாளர் கோரதேவன் மறைந்தார்', கீழே ஏழுமலையின் படம். அக்கா அதன் முன்னால் நின்று நிதானமாகப் படித்தார். "போட்டோ நல்லா வந்துகீது" என்றார். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை. அன்றோடு எழுதுவதையும் நிறுத்திவிட்டார். "செத்தவன் எப்டிடி எழுதுவான்?"

இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவும் போய்விட்டார். ஊரப்பாக்கத்து வீட்டில் பாதிரியார் உருக்கமாகப் பேசினார். "நம் அன்புச் சகோதரி தம் வாழ்நாளில் இல்லாத ஒன்றை இருப்பதாக ஒரு வார்த்தை சொன்னவரல்ல" என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன், தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் முதுகைத் தடவி, "அழாதீங்கம்மா, கர்த்தர்கிட்ட போயிருக்காங்க" என்றார். அக்காவின் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லி, காட்டு என்று கேட்டால் எதைக் காட்டுவது?

இருபத்தெட்டு நாவலையும் கையால் எழுதியவள் நான். ஒவ்வொன்றிலும் ஓர் அச்சுப் பிரதி என்னிடம் இருந்தது. இப்போது ஒன்றுகூட இல்லை. அக்கா போவதற்கு முன்பே, புது வீட்டுக்கு மாறியபோது இடம் போதாது என்று எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் எடுத்துப் போட்டது நானேதான். அவர் கட்டைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா, கதை பொஸ்தகமா? எடைக்கே நிக்காதே இது" என்றார். சரி பரவாயில்லை, எடுத்துக்கொண்டு போப்பா என்று சொல்லிவிட்டு, பால் காய்ச்ச நேரமாகிறது என்று உள்ளே போனேன்.