மேசையில் ஒரு துறைமுகம்

செலீன் ரீச்சரின் வகுப்பு கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடியில் இருந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். ஆனாலும் 'கொழும்புத் துறைமுகத்தின் முக்கியத்துவம்' என்று அவர் பலகையில் எழுதினால், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பத்தாறு பேரும் அதைக் கொப்பியில் இறக்கிவிட்டு, மணி எப்போது அடிக்கும் என்று காத்திருப்பார்கள். அந்தச் சலிப்பு அவருக்கு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஒரு சனிக்கிழமை, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய கலண்டர் தாளொன்றைத் திருப்பிப்போட்டு அதில் துறைமுகத்தை வரைந்தார். சோடாப் போத்தல் மூடிகள் கப்பல்களாயின. எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் வேண்டும், என்ன ஏற்றி வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. பிள்ளைகள் கப்பல்காரர்களாகவும் துறைமுக அதிகாரிகளாகவும் பிரிந்து நின்று விளையாட வேண்டும். கப்பல்கள் காத்திருக்கும் நேரக் கணக்கைப் போட்டுத் தர கணித ஆசிரியர் ராகுலன் ஒத்துக்கொண்டார். கப்பலுக்கு அனுப்பும் செய்தி சிங்களத்தில்தான் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. பிள்ளைகள் சிங்களத்தையும் இந்தச் சாட்டில் வாய்விட்டுப் பேசட்டும் என்பது செலீனுடைய எண்ணம்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவருடைய கணவர் ஹியூபேட் இருந்தார். இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகிவிட்டது. வலது கை வழங்காது. ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும். அதனால் அவர் தொடங்குகிற வசனத்தையெல்லாம் செலீனே முடித்து வைப்பார். உதவி என்று நினைத்துத்தான் செய்தார். நாளடைவில் ஹியூபேட் தொடங்குவதையே விட்டுவிட்டார்.

அன்று அவருடைய இடது கை மெதுவாக நீண்டு வந்து, ஒரு மூடியை வெளியே தள்ளியது.

"இது... உள்ள..."

முடித்து வைக்கச் செலீனுக்குத் தெரியவில்லை. காத்திருந்தார்.

"...போகாது. ஆழம்... காணாது."

"அப்ப எங்க விடுறது?"

ஹியூபேட் காட்டினார். செலீன் இறங்குதுறையை அழித்து மறுபடி வரைந்தார். அதற்குப் பிறகு மூன்று வாரம் இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளை ஓரமாக வைத்துவிட்டு இருவரும் மூடிகளை நகர்த்தினார்கள். ஹியூபேட் சொல்லச் சொல்ல விதிகள் மாறின. எத்தனை நிமிடம் ஆனாலும் செலீன் குறுக்கே பேசவில்லை.

வகுப்பில் விளையாடிய முதல் நாளே சத்தம் கீழ் மாடிவரை கேட்டது. பாதி விளையாட்டில் துறைமுக வாசலுக்கு இரண்டு கப்பல்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. இழுத்து வர இருந்ததோ ஒரேயொரு படகு. என்னுடையதுதான் முதலில் என்று பெரிய கப்பலின் கப்டன் அஷ்பாக் நின்றான். அதிகாரியாக இருந்த லவினா விடவில்லை.

"ரீச்சர், உண்மையா துறைமுகத்தில எதை முதல் எடுப்பாங்க?"

"எனக்குத் தெரியாது. பொறுங்க, தெரிஞ்ச ஆளிட்டயே கேப்பம்."

செலீன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார். பகலில் துணைக்கு வந்திருக்கும் பக்கத்து வீட்டு பேர்ணடெற் ஹியூபேட்டின் வாயருகே தொலைபேசியைப் பிடித்தார். கேள்வியைக் கேட்டுவிட்டு வகுப்பு காத்திருந்தது. அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று செலீன் முன்பே சொல்லியிருந்ததால் ஒருவரும் அசையவில்லை.

"பெரிசு... முதல்ல. காத்துக்கு... நிண்டு... பிடிக்காது."

அஷ்பாக் மேசையில் தட்டினான்.

"அங்கிள், சின்னக் கப்பல்ல மருந்து வருது," என்றாள் லவினா.

'அவர் என்ன சொல்றார் எண்டா' என்று தொடங்கப்போன செலீன் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மருந்தா? எங்களுக்கு... என்ன ஏத்தி வருதெண்டு... ஒருத்தரும்... சொல்றேல்ல." பிறகு ஒரு கரகரப்பு கேட்டது. "அப்ப... நீங்க சொல்றதுதான்... மகள்... சரி."

அந்தக் கரகரப்பு ஹியூபேட்டின் சிரிப்பு. இரண்டு வருடமாகச் செலீன் அதைக் கேட்டிருக்கவில்லை. அவர் பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த பலகையை இன்னொரு தடவை துடைத்தார்.

லவினா சின்னக் கப்பலை உள்ளே எடுத்தாள். காற்றில் அலைந்த பெரிய கப்பலுக்கு இரண்டு மணித்தியாலம் வீணானதாக ராகுலனின் கணக்கு காட்டியது. அந்த நட்டம் பரவாயில்லை என்று வகுப்பு கை தூக்கி முடிவெடுத்தது. அஷ்பாக்கும் கடைசியாகக் கை தூக்கினான். மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் போகாமல் நின்று, அடுத்த வியாழக்கிழமைப் பாடத்தில் போனில் அங்கிளிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை செலீன் பாடசாலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தபோது, ஹியூபேட் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். முகம் சவரம் செய்து, தலை வாரி, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட்டைப் போட்டிருந்தார். இடது கையால் பூட்டிய பொத்தான்கள் ஒன்று தள்ளிப் பூட்டியிருந்தன.

"எங்க போறீங்க?"

"பத்து மணிக்கு... வகுப்பு... எல்லோ."

போனில் சேர்ட் தெரியாது என்று செலீன் சொல்லவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து, பொத்தான்களை மேலிருந்து சரியாகப் பூட்டிவிட்டார்.